மழைக் கோடும் ஜெயில் கோடும்

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையிலும் குத்தூசியைச் செருகி, மேலே இருக்கிற பருப்புதான் நடுவிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் லோடு கொண்டு வந்தவருக்கு டீ சொல்லுவார். எல்லா மூட்டையும் நல்ல பருப்பாக இருந்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். நான் அவர் பிள்ளை. இதைப் பெருமையாகத்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதுரையில் புள்ளியியல் படித்துவிட்டு, எண்பதுகளின் நடுவில், அருப்புக்கோட்டை திருச்சுழிப் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் புள்ளியியல் உதவியாளராகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள், நானும்தான். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. எந்த ஊரில் எவ்வளவு மழை, எத்தனை ஏக்கர் பருத்தி, எத்தனை ஏக்கர் சோளம், எவ்வளவு தரிசு என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

அந்த வேலைக்குச் சந்தேகப் புத்தி ரொம்ப உதவியது. மழை பொய்த்த வருடங்களில் நிலத்தீர்வையை அரசு தள்ளுபடி செய்யும். எங்கள் பக்கத்தில் அதை வஜா என்பார்கள். வஜா வேண்டுமென்பதற்காக மழைமானியில் விழுந்த தண்ணீரைக் கொஞ்சம் கீழே கொட்டிவிட்டு அளக்கிறார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம். தூறல் போட்ட காலைகளில் முதல் பஸ் பிடித்து எம்.ரெட்டியபட்டிக்கும் வீரசோழனுக்கும் போய், மழைமானியைச் சுற்றி மண் ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் மண் ஈரமாகத்தான் இருக்கும் என்பது இரண்டு மூன்று தடவை போய் வந்த பிறகுதான் உறைத்தது. அலுவலகத்தில் என்னைக் கிண்டல் பண்ணாத ஆள் இல்லை.

மூன்றாவது வருடமாக மழை ஏமாற்றிய சமயம் அது. வருவாய்த் துறையும் போலீசும் சேர்ந்து நடத்தும் கூட்டம் ஒன்று ஆவணி மாதத்தில் வந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். “பஞ்சம் வந்தாத் திருட்டு கூடுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. வாய்க்கு வந்ததைச் சொல்றாங்களா, உண்மையான்னு தெரியல. பத்து வருஷக் கணக்கை எடுத்து ஒரு நோட் போடு” என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மழையும் தரிசும் எழுதி அலுத்துப்போயிருந்த கைக்குக் குற்றம் என்று ஒன்று கிடைத்திருந்தது. முதலில் போலீஸ் ஸ்டேஷன் கணக்கைத்தான் எடுத்தேன். பார்த்த அன்றைக்கே அதை நம்பவில்லை. ஆட்டுத் திருட்டு என்று ஒன்று இந்தச் சீமையில் நடப்பதே இல்லை என்பதுபோல் இருந்தது அந்தக் கணக்கு. ஆடு காணாமல் போனவர் யாரும் ஸ்டேஷனுக்குப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். துப்புத் தெரிந்த ஆளைப் பிடித்து, துப்புக்கூலி கொடுத்தால், ஆடு இரண்டு நாளில் கண்மாய்க் கரையில் தானாக வந்து நிற்கும். கேஸும் இல்லை, கணக்கும் இல்லை. அதே ஸ்டேஷனுக்குக் கறாரான ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, வருகிற புகாரை எல்லாம் எழுத ஆரம்பித்தால், அந்த வருடம் மட்டும் ஊரே திருட்டு ஊராகிவிடும். ஆக, அது நடந்த திருட்டின் கணக்கு இல்லை, எழுதப்பட்ட திருட்டின் கணக்கு. அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏமாற்ற முடியாத கணக்கு எது என்று யோசித்தபோது சப் ஜெயில் ஞாபகம் வந்தது. கைதி என்பவன் ஆள். ஆளை எழுதாமல் விட முடியாது, சாப்பாடு போட வேண்டும். ஜெயிலில் சாப்பாட்டு ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. தினமும் எத்தனை தட்டு என்று அதில் ஏறும். சாப்பாடு போடும் காண்ட்ராக்டர் தட்டைக் கூட்டி எழுதுகிறாரோ என்ற சந்தேகம் எனக்கு வராமல் இருக்குமா? இரண்டு வாரம் மத்தியானத்தில் அங்கே போய் நின்று, தட்டுகளை நானே எண்ணினேன். வார்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறவில்லை. பிறகு பத்து வருட ரிஜிஸ்டரையும் நம்பி எடுத்துக்கொண்டேன்.

கட்டம் போட்ட தாளில் மழையை நீல மையிலும் ஜெயில் தட்டுகளைச் சிவப்பு மையிலும் கோடாக இழுத்தேன். நீலம் இறங்கும் இடத்தில் எல்லாம் சிவப்பு ஏறியது. நீலம் ஏறியதும் சிவப்பு இறங்கியது. வேலையில் சேர்ந்த பிறகு அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. கீழே, “வறட்சி கூடும் ஆண்டுகளில் இப்பகுதியில் குற்றங்கள் கூடுகின்றன” என்று எழுதிக் கோடு போட்டேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கூட அவளுடைய தாய்மாமனும் வந்திருந்தார். எனக்கு அடுத்த மேஜையில் ஹெட் கிளார்க் இருந்தார். அவர் முன்னால் போய் நின்று, “தீர்வை கட்ட வந்துருக்கோம்யா” என்றாள்.

ஹெட் கிளார்க் சிரித்துவிட்டார். “ஏம்மா, ஒங்க ஊரு பூராத்துக்கும் வஜா ஆயிருச்சு. கட்ட வேண்டாம்னு கவர்மெண்டே சொல்லிருச்சுல்ல. போ, போயிப் பிள்ளைகளுக்குக் கஞ்சியக் காச்சு.”

“இல்லய்யா, கட்டிர்றோம். வாங்கிக்கிட்டு ரசீது மட்டும் குடுங்க. இந்த வருசத்து ரசீது இல்லாம கோர்ட்டுல ஜாமீன எடுத்துக்கிட மாட்டேங்குறாக.”

விஷயத்தை அவள் சொன்னாள். கண்மாய்க்குள் இருக்கும் கருவேல மரங்களை ஒரு காண்ட்ராக்டர் ஏலம் எடுத்திருந்தார். ஒரு வண்டி விறகு களவு போய்விட்டது என்று அவர் புகார் கொடுத்தார். போலீஸ் போனபோது மரத்தடியில் அவள் புருஷன் அருவாளோடு நின்றுகொண்டிருந்தார். ஆட்டுத் தீனிக்குக் கருவேல நெத்து, அதாவது முற்றிக் காய்ந்த காய், பறிக்கப் போனதாகச் சொன்னார். யார் கேட்பார்கள்? மூன்று நாளில் மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்துவிட்டார். நிலம் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இவள் தாய்மாமனும் இன்னொருத்தரும் போட வந்தார்கள். நிலம் இவர்களுடையதுதான் என்பதற்கு நடப்பு வருடத் தீர்வை ரசீதைக் கொண்டுவரச் சொன்னார் கோர்ட்டு கிளார்க். வஜா ஆன வருடத்துக்கு ரசீது ஏது? தாய்மாமன் மடியிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்துக் காட்டினார். பஞ்சத்துக்கு முந்தைய வருடத்தது. “பழசு செல்லாதாம்யா. நெலத்த வித்துட்டு வந்து நிக்கிறியான்னு கேக்குறாரு” என்றார்.

“அவுக உள்ள போயி ஒரு மாசமாச்சு” என்றாள் அவள். “புரட்டாசி பொறக்கப் போகுது. மழை எறங்குனா ஈரம் ஏழெட்டு நாளுதான் நிக்கும். அதுக்குள்ள அவுக வந்து ஏர் பூட்டணும். கூலிக்கு உழுக ஆள் கெடைக்காது, அந்த வாரம் அவங்கவங்க காட்டுலதான் எல்லாரும் நிப்பாக. மூணு வருசமா தானியத்தக் கண்ணுல காணல. இந்த வருசமும் விட்டம்னா, இருக்க ரெண்டு மாட்டையும் வித்துட்டு எங்கயாச்சும் போக வேண்டியதுதான்.”

ஹெட் கிளார்க் நல்ல மனுஷன். இந்தக் கிராமத்துக்கு இந்த வருடத் தீர்வை வஜா ஆனது, ஆகையால் ரசீது இல்லை என்று கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். அப்படிக் கொடுப்பது வழக்கத்தில் இல்லை, கொடுக்கக் கூடாது என்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

கட்டாதே என்று சொன்ன வரியைக் கட்டுகிறேன் என்று ஒருத்தி கெஞ்சுகிறாள். என் அப்பாவின் குத்தூசி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே செருகியிருப்பேன். ஹெட் கிளார்க் பக்கம் சாய்ந்து, “அண்ணாச்சி, இதுல என்னமோ இருக்கு. வஜா ஆன நெலத்துக்கு எதுக்கு ரசீது? லோனு கீனு வாங்குறதுக்கா இருக்கும். வித்த நெலமாக்கூட இருக்கும். எனக்குச் சந்தேகமா இருக்கு, விசாரிக்காமக் குடுக்காதீக” என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு.

அவர் பேனாவை மூடினார். அவள் கொடுத்த மனுவின் ஓரத்தில், கிராம அதிகாரி விசாரித்து அறிக்கை தரவும் என்று எழுதி, பைல் தட்டில் போட்டார். “ரிப்போர்ட்டு வரட்டும்மா, பாப்போம்” என்றார். அவள் தாய்மாமனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிராம அதிகாரி நாலு ஊருக்கு ஒருத்தர். அந்தச் சமயத்தில் வறட்சி நிவாரண வேலையில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த மனு எப்போது போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது.

கூட்டத்தில் என் நோட்டை ஆகா ஓகோ என்றார்கள். நீலமும் சிவப்பும் மேஜை மேஜையாகப் போய் வந்தன. போலீஸ் அதிகாரி ஒருவர், மழை குறைந்த ஊர்களில் ரோந்தைக் கூட்டலாம் என்று குறித்துக்கொண்டார். நோட் அப்படியே மாவட்டத்துக்கும் போனது. எந்தெந்த ஊர்க்காரர்கள் அதிகம் என்று ஊர்வாரியாக இன்னொரு பட்டியல் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டார்.

சாப்பாட்டு ரிஜிஸ்டரில் ஊர் இருக்காது. அதனால் புரட்டாசி முதல் வாரத்தில் மறுபடி ஜெயிலுக்குப் போய், ஆள் உள்ளே வரும்போது எழுதுகிற ரிஜிஸ்டரைக் கேட்டேன். பெயர், ஊர், வந்த தேதி, ஜாமீன் உத்தரவான தேதி, வெளியே போன தேதி என்று அதில் இருந்தது. ஊரை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். சந்தேகப் புத்தி சும்மா விடவில்லை. பத்து வருடத்துக்கும் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

பஞ்ச வருடத்தில் வந்தவர்கள் அதிகமில்லை. நல்ல மழை பெய்த வருடத்திலும் கிட்டத்தட்ட அத்தனை பேர்தான். ஒரு கொடிய பஞ்ச வருடத்தில் குறைவாகவே இருந்தது. திரும்ப எண்ணினேன், மாறவில்லை. அந்த வருடம் பாதி ஆம்பளைகள் பிழைப்புக்கு வெளியூர் போயிருந்தார்கள் என்பது எனக்கே தெரியும், தரிசுக் கணக்கை எழுதியவன் நான்தானே. அப்படியானால் தட்டு எப்படிக் கூடியது? வார்டரிடம் கேட்டேன்.

அவருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. “மழை பேஞ்ச வருசம்னா உத்தரவான மறுநாளே ஜாமீன் வந்துரும் சார், ஆள் போயிருவான். பஞ்சத்துல அப்பிடியே கெடந்து திம்பான். ஜாமீனுக்கு ஆள் வந்தாலும் ரசீது இல்லன்னு திருப்பி விட்ருவாக. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?” என்றார்.

ஜாமீன் உத்தரவான தேதியையும் வெளியே போன தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மழை வருடங்களில் இடையே இரண்டு நாள், மூன்று நாள். வஜா ஆன வருடங்களில் ஒரு மாதம், ஒன்றரை மாதம். ஒரே ஆள் நாற்பது நாள் சாப்பிட்டால் நாற்பது தட்டு. அதை நான் நாற்பது குற்றம் என்று வரைந்து, மாவட்டத்துக்கு அனுப்பியிருந்தேன். ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவரைச் சந்தேகப்பட்டேன், சாப்பாட்டுக் காண்ட்ராக்டரைச் சந்தேகப்பட்டேன், மழைமானியைக்கூடச் சந்தேகப்பட்டேன். என் சிவப்புக் கோட்டைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிட, தீர்வை கட்ட வந்தவள் முகம் கண்ணில் நின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் புருஷன் இருக்கிறாரா என்று கேட்டேன். வார்டர் கம்பிக்குப் பின்னால் ஒருவரைக் கைகாட்டினார். ஒல்லியான ஆள். உட்கார்ந்தபடி முற்றத்துக்கு மேலே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மழைக் கணக்கு எழுதுகிறவன் என்று வார்டர் சொன்னதும் எழுந்து வந்தார்.

“சார், பரளச்சிப் பக்கம் எதும் தூத்தல் விழுந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

“நல்லது சார். அவ விதைய வெயில்ல போட்டு எடுத்து வச்சிருப்பா. நான் போயிர்ற வரைக்கும் விழுகாம இருந்தாச் சரி” என்றார்.

மூன்று வருடமாக மழைக்குத் தவித்த சீமையில் மழை வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். அப்போதும் என் புத்தி போகவில்லை. “நெத்து பறிக்க அருவா எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “தொரட்டிக் கம்பு நுனியில அருவாதான சார் கட்டியிருக்கும்? கம்ப விட்டுட்டு அருவாவ மட்டும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாக” என்றார். ஆடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

நேராக ஹெட் கிளார்க்கிடம் போய், அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்றேன். “நீங்கதான தம்பி விசாரிக்கணும்னீக? இப்ப பைல்ல ஏறிருச்சு. ரிப்போர்ட்டு வராம நான் கையெழுத்துப் போட்டா, என்ன வாங்கிக்கிட்டுப் போட்டேன்னு நாளைக்கு என்னத்தான் சந்தேகப்படுவாக” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மேலதிகாரியிடம் போய், குற்றம் கூடவில்லை, ஆட்கள் உள்ளே இருக்கிற நாள்தான் கூடியிருக்கிறது என்று ரிஜிஸ்டரைக் காட்டினேன். “நல்ல நோட்டை எதுக்குய்யா கெடுக்கிற? மேலே போயாச்சு, பாராட்டும் வந்தாச்சு” என்று சொல்லி அடுத்த பைலை எடுத்துக்கொண்டார்.

அரசு ஊழியரே சம்பளச் சான்று வைத்து ஜாமீன் நிற்கலாம் என்று டீக்கடையில் வேறொரு அரசு அலுவலகத்து நண்பர் சொன்னார். நான் நின்றால் இன்னொருத்தர் தேவைப்படுவார், அவரே வருவதாகவும் சொன்னார். அன்றைக்கே போயிருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வெளியே வந்து ஆள் ஓடிப்போய்விட்டால்? என் இன்கிரிமென்ட் என்னாகும்? பிழைப்புக்குப் போகிறவர்கள் சொல்லிவிட்டா போகிறார்கள்? துரட்டிக் கதைகூட ஜெயிலில் உட்கார்ந்து ஜோடித்ததாக இருந்தால்? இப்படி எல்லாம் அந்த மனுஷனைப் பற்றி நான் நினைத்தேன் என்பதை மறைக்க விருப்பமில்லை.

அன்று சாயங்காலம் மழை இறங்கியது. அலுவலக ஜன்னலில் எல்லோரும் போய் நின்றோம். மூன்று வருடத்து வெக்கை எல்லாம் மண்ணிலிருந்து கிளம்பி வந்தது. ஹெட் கிளார்க் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டார். நான் மட்டும் ஈரம் நிற்கும் ஏழெட்டு நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் வேலையாகச் சம்பளச் சான்று கேட்டேன். கையெழுத்தாகி வர மத்தியானமாகிவிட்டது. நண்பரைத் தேடிப் பிடித்துக் கோர்ட்டுக்குப் போனபோது மணி மூன்று. கிளார்க் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அவனா? காலையிலயே குத்தத்த ஒத்துக்கிட்டான் சார். உள்ள இருந்த நாளையே தண்டனையாப் போட்டு விட்டுட்டாக. இந்நேரம் ஊரு போயிச் சேந்துருப்பான்.”

“ஒத்துக்கிட்டானா? அவன் எடுக்கவே இல்லையே!”

“அது எனக்கெப்பிடித் தெரியும்? நீங்க கூட இருந்து பாத்தீகளா?” என்றார். அன்று காலை அவர் மட்டும் இல்லை, இன்னும் நாலைந்து பேர் வரிசையாக நின்று ஒத்துக்கொண்டு போனார்கள் என்று பிறகு தெரிந்தது. எல்லோரும் கரிசல் காட்டு ஆட்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான். காடு பூராவும் ஆட்கள். அவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே அவள் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு உழவுச் சாலில் விட்டுக்கொண்டு வந்தாள். வரப்பில் என்னைப் பார்த்ததும் அவர் மாட்டை நிறுத்தினார்.

“அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்தா நானே ஜாமீன் நின்னிருப்பேன். செய்யாதத எதுக்கு ஒத்துக்கிட்டீக?”

“நீங்க வாரீகன்னு எனக்குத் தெரியாதே சார். தெரிஞ்சாலும், மழைக்கு யாரு போயிச் சொல்றது?” என்று சிரித்தார். “ஒத்துக்கிட்டா விட்ருவாகன்னு உள்ள இருந்தவங்க சொன்னாங்க, விட்டுட்டாக. அம்புட்டுத்தான். ஈரம் காயுறதுக்குள்ள முடிச்சிருவேன்.” அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சாலுக்குத் திரும்பிவிட்டாள். அந்த வருடம் சோளம் நன்றாக விளைந்தது. மாட்டை விற்கவில்லை.

அடுத்த கணக்கில், தண்டனை பெற்றவர்கள் என்ற கட்டத்தில் அவரையும் சேர்த்து நான்தான் எழுதினேன். பழைய ரிஜிஸ்டர்களை மறுபடி புரட்டினேன். ஒவ்வொரு வருடமும் முதல் மழை இறங்கிய வாரத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டவர்கள் கொத்தாக இருந்தார்கள். இதையும் கோடாக வரைந்து, விளக்கி, தீர்வை வஜா ஆன ஊர்களுக்கு அலுவலகமே ஒரு சான்று கொடுத்தால் போதும் என்று இரண்டாவது நோட் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. முதல் நோட்டை மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்து வாசித்தார்கள். நடுவில் நல்ல மழைக்காலம் வந்தது, ஜெயில் காலியானது, ரோந்தைக் கூட்டியதால் குற்றம் குறைந்தது என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு எனக்கு வேறு ஊர்களுக்கு மாற்றலானது. தொண்ணூறுகளில் மறுபடி அதே அலுவலகத்துக்கு வந்தேன். ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றிருந்தார். முந்தின வருட மழை ஏமாற்றி, மறுபடியும் வஜா ஆகியிருந்தது. புரட்டாசிக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஒரு காலை அந்தப் பெண் வந்து என் மேஜை முன்னால் நின்றாள். தலையில் அங்கங்கே நரை. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

“கண்மாயில மறுபடி மரம் காணாமப் போச்சுய்யா. போலீசு எங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வந்து அவுகளப் பிடிச்சிட்டுப் போச்சு. அவுக பேரு கேடி லிஸ்ட்டுல இருக்காம். எங்க எது காணாமப் போனாலும் எங்க வீட்டுக்குத்தான் வாராக” என்றாள். அழவில்லை. பஸ் நேரம் விசாரிக்கிற குரலில்தான் பேசினாள். “ஜாமீன் உத்தரவாகிருச்சு. ரசீதுக்கு நாங்க அலையல. ஒத்துக்கிடுறேன்னு சொல்லிட்டாக. மழைக்குள்ள விட்ருவாகளா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். “ஒத்துக்கிட வேண்டாம்னு சொல்லும்மா. மொத தடவைன்னா இருந்த நாளோட விட்ருவாங்க. இப்பப் பழைய தண்டனை ஒண்ணு இருக்கு. இந்தத் தடவ ஒத்துக்கிட்டா மாசக்கணக்குல போட்ருவாங்க.”

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப அன்னைக்கு ஒத்துக்கிட்டதுதான் தப்பாப் போச்சா?”

ஆமாம் என்று எப்படிச் சொல்வது? இத்தனை வருடமாக உள்ளே வைத்திருந்ததைச் சொன்னேன். “தப்பு அவர் மேல இல்லம்மா. அன்னைக்கு ஹெட் கிளார்க் கடுதாசி எழுதப் பேனாவ எடுத்தாரு. விசாரிக்கணும், சந்தேகமா இருக்குன்னு சொல்லி நிறுத்துனது நான்தான்.”

“தெரியும்யா” என்றாள். “எதுத்தாப்புலதான நின்னேன், காதுல விழுந்துச்சு.”

வரப்பில் அவள் கொடுத்த தண்ணீரை, இது தெரியாமல் கொடுத்தாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. “அத இப்பப் பேசி என்னத்துக்கு? ஜாமீன் நின்னிருப்பேன்னு அன்னைக்குக் காட்டுக்கு வந்து சொன்னீகள்ல? இன்னைக்கு நிப்பீகளா, மாட்டீகளா?” என்றாள்.